கெடு எல்லாம் நமக்குத்தான்

கறம்பக்குடியில இப்பல்லாம் என்னைப் பார்க்கிற யாரும் "சாப்பிட்டியா"ன்னு கேட்கிறதில்லை. "எப்பப்பா கிளம்புற?" இதுதான். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில கேட்கிறாங்க. உரக்கடையில கேட்கிறாங்க. சலூன்ல கழுத்தைக் குனிய வெச்சு, கத்தியைப் பிடிச்சுக்கிட்டே கேட்கிறாங்க. ஒரு துக்க வீட்டுல கேட்டாங்கங்க! இன்னும் எடுக்கக்கூட இல்லை. பெரியப்பா முறையில ஒருத்தர் நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு, "தம்பி, கனடா என்னாச்சு?"ங்கறார்.

நான் என்னத்தைச் சொல்ல? "கடைசி ஸ்டேஜ்ல இருக்கு பெரியப்பா."

"அதான் பொங்கலுக்கே கடைசின்னியே!"

கடைசின்னா அதுக்கு ஒரு முடிவு இருக்கணும்ல? அந்த நியாயம் அவருக்குப் புரியுது. எனக்கும் புரியுது. புரிய வேண்டிய இடம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கு.

எங்க பக்கத்துக்கு வெளிநாடு ஒண்ணும் புதுசு இல்லை. தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூர், மலேசியா, இல்லைன்னா வளைகுடா. ஒர்க் பர்மிட், எஸ் பாஸ், ஐ.பி.ஏ. எல்லாம் எங்க அப்பத்தாவுக்கே அத்துப்படி. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவாங்க, ஐ.பி.ஏ.ங்கற முன் அனுமதிக் கடிதம் வரும், திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போய், அழுது, ஏத்திவிட்டுட்டு வர்ற வழியில பிரியாணி சாப்பிட்டுட்டு வந்துடுவாங்க. அந்தக் கணக்குலதான் என்னையும் எடை போடறாங்க. "மேலத்தெருப் பையன் நேத்து போட்டான், இன்னைக்கு சிங்கப்பூர்ல நிக்கிறான். உனக்கு மட்டும் என்னடா?" அத்தாச்சி கேட்கிறாங்க. கேட்கிற தொனியிலேயே ஒரு சந்தேகம். நான் ஏதோ கேஸ்ல மாட்டியிருக்கேனோ, அதை மறைக்கிறேனோன்னு. கனடாவுல இருக்கிறவங்களுக்கும் அதே சந்தேகம்தான் போல. அதான் 'பின்னணிச் சோதனை'யை இன்னும் முடிக்கல.

இந்த 'கடைசி ஸ்டேஜ்'னா என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். தெரிஞ்சவங்க டீயைக் குடிச்சுட்டு அடுத்த பாராவுக்கு வந்துடுங்க. 2015-ல இருந்து கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஒரு வழி இருக்கு. வயசு, படிப்பு, வேலை அனுபவம், இங்கிலீஷ் எல்லாத்துக்கும் மார்க் போட்டு, 1,200-க்கு நீ எவ்வளவுன்னு சொல்லுவாங்க. கட் ஆஃபைத் தாண்டினா அழைப்பு வரும். அழைப்பு வந்த 60 நாளுக்குள்ள மொத்தக் காகிதத்தையும் ஏத்தி, பணத்தைக் கட்டணும். அப்புறம் கைரேகை. மெடிக்கல் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிறது. தகுதிப் பரிசீலனை. கடைசியா பின்னணிச் சோதனை. எல்லாம் பாஸ் ஆச்சுன்னா ஒரு மெயில் வரும், 'பாஸ்போர்ட்டை அனுப்பு'ன்னு. பி.பி.ஆர்.னு சொல்லுவாங்க. விண்ணப்பம் போட்டவங்களுக்கு அது தங்க மெயில். அதுக்கப்புறம் சி.ஓ.பி.ஆர்.ங்கற காகிதம் கைக்கு வந்தா விமானம் ஏறலாம். எனக்கு பின்னணிச் சோதனை தவிர எல்லாம் பாஸ். அதுவும் அந்த ஒரு மெயிலும் மட்டும் பாக்கி.

எக்ஸ்பிரஸ்னு பேர் வெச்சவன் எங்க ஊருக்கு வந்து டவுன் பஸ்ல ஒரு தடவை போயிருக்கணும்.

என் வயித்தெரிச்சல் லேட் ஆகறதுல மட்டும் இல்லைங்க. லேட் ஆகறதை நாம பிறந்ததுல இருந்து பார்க்கிறோம். இந்தக் கெடு விவகாரம்தான் குத்துது. அழைப்பு வந்தா நமக்கு 60 நாள். கைரேகைக் கடிதம் வந்தா 30 நாள். கூடுதலா ஒரு காகிதம் கேட்டா, அவங்க சொன்ன நாளுக்குள்ள. ஒரு நாள் தப்பினா மூட்டையைக் கட்டு, முதல்ல இருந்து வா. நம்ம இங்கிலீஷுக்கு ஆயுசு ரெண்டே வருஷம். அதுக்கப்புறம் ஐஇஎல்டிஎஸ் மார்க் செல்லாது, இங்கிலீஷ் மறந்துபோச்சுன்னு அர்த்தம். டிகிரிக்கு வாங்கின மதிப்பீட்டுக்கு அஞ்சு வருஷம். நம்ம உடம்புக்குப் பன்னிரண்டே மாசம். போலீஸ் சான்றிதழ் பழசாகக் கூடாது, போட்டோ பழசாகக் கூடாது, பேங்க் லெட்டர் பழசாகக் கூடாது. அவங்களுக்கு? 'பொதுவாக ஆறு மாதம்'. அந்தப் 'பொதுவாக'வுல ஒரு ஊரையே குடிவெக்கலாம். ஆறு மாசம் தாண்டினா யார் யாருக்கு என்ன பதில் சொல்லணும்? எங்கேயாவது எழுதியிருக்கா? நான் தேடாத பக்கம் இல்லை.

மெடிக்கல் கதையைக் கேளுங்க. முன்னாடி விண்ணப்பம் போட்ட பிறகு அவங்க கூப்பிடுவாங்க, அப்புறம் போனாப் போதும். 2025 ஆகஸ்ட் 21-ல இருந்து விதியை மாத்திட்டாங்க. மெடிக்கலை முடிச்சுட்டு வந்துதான் விண்ணப்பமே போடணும். நல்லதுதானே, வேலை சீக்கிரம் முடியும்னு நானும் சந்தோஷப்பட்டேன். ஆனா அந்தப் பன்னிரண்டு மாசக் கடிகாரம் எப்ப ஓட ஆரம்பிக்குது? நான் விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே! அவங்க கோப்பையே திறக்கல, இங்க என் எக்ஸ்ரேவுக்கு வயசாகிட்டு இருக்கு.

அதுவும் நம்ம ஊர் டாக்டர்கிட்டப் போய் எடுக்கிற சமாச்சாரம் இல்லை. அவங்க அங்கீகரிச்ச பேனல் டாக்டர் லிஸ்ட்ல இருக்கிறவங்ககிட்டதான். எங்களுக்கு வாய்ச்சது சென்னை. புதுக்கோட்டைக்குப் போய் ராத்திரி ரயிலைப் பிடிச்சு, தூங்கற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, காலையில வெறும் வயித்தோட வரிசையில உட்கார்ந்து, ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே. பொண்ணுக்கு எக்ஸ்ரே கிடையாது, சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டாமாம், அதுவரைக்கும் புண்ணியம். இப்ப அந்தப் பன்னிரண்டு மாசம் முடியப்போகுது. மறுபடியும் எடுக்கணுமா, அவங்களே நீட்டிச்சுத் தருவாங்களா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எடுத்தா காசு நம்மது. எடுக்கலைன்னா பயம் நம்மது.

பணத்தைப் பத்திப் பேசினா எங்க அப்பா வெத்தலையைத் துப்பிட்டு எந்திரிச்சுப் போயிடுவார். கனடாவுல வேலை ஆஃபர் இல்லாம போறவங்க, போய் இறங்கி ஆறு மாசம் தாக்குப்பிடிக்கிற அளவுக்குப் பணம் இருக்குன்னு காட்டணும். மூணு பேர் குடும்பத்துக்கு 2025 ஜூலையில சொன்ன கணக்கு 23,360 டாலர். நம்ம காசுல பதினாலு, பதினைஞ்சு லட்சம். கடன் வாங்கிக் காட்டக்கூடாது. நகையை அடமானம் வெச்சு வாங்கினாலும் கடன் கடன்தான். சரின்னு அப்பா ஒரு துண்டு கொல்லையை வித்தார். விதை நெல்லையே வித்தாப்புல முகம் அவருக்கு. அந்தப் பத்திரத்துக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர்கிட்ட இருந்து ஒரு உறுதிமொழி, அப்பா எனக்கு மனசாரக் குடுக்கிறார்னு ஒரு கடிதம். பெத்த அப்பன் பிள்ளைக்குக் காசு குடுத்ததை நோட்டரி வந்து நம்பணும்.

இதுல உச்சக்கட்டம் பேங்க் லெட்டர். எந்த பேங்க்னு சொல்ல மாட்டேன், எல்லா பேங்க்கும் என் உறவுக்காரங்கதான்னு வெச்சுக்குங்க. கனடாக்காரன் கேட்கிறது இவ்வளவுதான்: லெட்டர்ஹெட்ல அக்கவுன்ட் நம்பர், எப்ப ஆரம்பிச்சது, இப்ப எவ்வளவு இருக்கு, ஆறு மாச சராசரி எவ்வளவு, கடன் பாக்கி ஏதாவது உண்டா. மேனேஜர் கண்ணாடியை இறக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஃபார்மட்டே நம்மகிட்ட கிடையாது சார்."

"நானே டைப் பண்ணிட்டு வந்திருக்கேன் சார், கையெழுத்து மட்டும் போட்டா…"

"சராசரி எல்லாம் சிஸ்டம் குடுக்காது சார். பேலன்ஸ் சர்டிபிகேட் தர்றேன், கொண்டு போய்க் குடுங்க, ஒத்துக்குவான்."

ஒத்துக்குவானாம்! ஒத்துக்கலைன்னா இவர் வந்து டொரன்டோ ஆபீசர்கிட்டப் பேசுவாரா? லோன் கேட்டுப் போறப்ப மட்டும் என் ஆறு மாச சராசரி இவங்க சிஸ்டத்துக்கு எப்படித் தெரியுது? கடைசியில ஒரு பொண்ணு, புதுசா வேலைக்குச் சேர்ந்த புரொபேஷனரி ஆபீசர், மதியச் சாப்பாட்டு நேரத்துல கால்குலேட்டரை வெச்சு தானே கூட்டிக் கழிச்சு அடிச்சுக் குடுத்துச்சு. நல்லா இருக்கட்டும். அந்தப் பொண்ணை ஒரு மாசத்துல வேற கிளைக்கு மாத்திட்டாங்க.

காட்டியாச்சுல்ல, அதோட போச்சான்னா, போகல. விசா கைக்கு வர்ற வரைக்கும் அந்தத் தொகை அப்படியே கிடக்கணும். கோயில் உண்டியல் மாதிரி. கண்ணால பார்க்கலாம், கையை விடக்கூடாது. கோடையில போர் மோட்டார் எரிஞ்சுபோச்சு. தென்னங்கன்று வாடுது. அக்கவுன்ட்ல லட்சக்கணக்குல கிடக்குது, அப்பா பக்கத்து வீட்டுல கைமாத்து கேட்கிறார். "ஏன்டா, நம்ம பணம்தானே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டார். நம்ம பணம்தான்ப்பா. ஆனா இப்போதைக்கு இல்லை.

இதோட பீஸ் தனி. 2024 ஏப்ரல் கடைசியில ஏத்தின கணக்குல பெரியவங்க ஒருத்தருக்கு விண்ணப்பக் கட்டணம் 950, நிரந்தரவாசி உரிமைக் கட்டணம் 575, ஆக 1,525 டாலர். குழந்தைக்கு, கைரேகைக்குன்னு அது வேற. டாலரைப் பெருக்கற வேலையை நான் எப்பவோ நிறுத்திட்டேன். ராத்திரி தூக்கம் வரணும்ல.

அடுத்து பேர். ஐயா, தமிழனாப் பொறந்தா இனிஷியலோட பொறக்கிறோம். வெள்ளைக்காரன் ஃபாரத்துல இனிஷியலுக்கு இடம் இல்லை. குடும்பப் பேர் என்னங்கறான். எங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாதுடா, அதை வேண்டாம்னு எங்க தாத்தா தலைமுறையே தூக்கிப் போட்டுருச்சுன்னு எந்தக் கட்டத்துல எழுதறது? என் பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டம் காலி. அப்படி இருந்தா மொத்தப் பேரையும் குடும்பப் பேர் கட்டத்துல போட்டுட்டு, சொந்தப் பேர் கட்டத்தைக் காலியா விடணும்ங்கறது கனடா விதி. ஆக கனடா கணக்குல எனக்குப் பேர் இல்லை, பரம்பரை மட்டும் இருக்கு. என் மனைவிக்கு இன்னும் விசேஷம். பத்தாவது மார்க் ஷீட்ல அவங்க அப்பா இனிஷியல், ஆதார்ல என் இனிஷியல், டிகிரியில இனிஷியல் விரிஞ்சு பேருக்கு முன்னாடி, பாஸ்போர்ட்ல பேருக்குப் பின்னாடி. நாலும் ஒரே பொம்பளைதான்னு ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு அஃபிடவிட். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேணுமா?"ன்னு கேட்டேன். சிரிக்கல.

ஊர்ப் பேரும் அப்படித்தான். இங்கிலீஷ்ல கறம்பக்குடிக்கு ஒரு 'கே'வா, ரெண்டு 'கே'வா? ஒரு கார்டுல ஒண்ணு, இன்னொரு கார்டுல ரெண்டு. இதை எழுதினது யார்? எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்த ஒருத்தர், நம்மகிட்டக் கேட்காம, அவர் காதுக்கு விழுந்ததை அடிச்சிருக்கார். அவருக்கு ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்கு நாம காலம் பூரா விளக்கம் எழுதிக்கிட்டே இருக்கணும். அங்க ஒரு ஆபீசர் ஒட்டாவாவுல உட்கார்ந்து, ரெண்டு 'கே' ஊரும் ஒரு 'கே' ஊரும் வேற வேறயோன்னு புருவத்தைத் தூக்குவார். நம்ம ஊர் அலட்சியம் கப்பல் ஏறி அங்க சந்தேகமா இறங்குது.

சரி, இதெல்லாம் எரிச்சல். என்னை நிஜமாவே சுட்டது வேற ஒண்ணு.

கடந்த பத்து வருஷம் என்ன பண்ணினேன்னு மாசவாரியா எழுதணும். ஒரு மாசம்கூட இடைவெளி இருக்கக்கூடாது. எங்க வேலை, எங்க குடியிருந்தே, என்ன பதவி, எல்லாம். நிரப்பிட்டே வந்தேன். 2018 நவம்பர் வந்துச்சு. கை நின்னுபோச்சு.

நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி. கஜா. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல், கடலே தெரியாத எங்க ஊர் வரைக்கும் வந்து தென்னையைப் பிடுங்கிப் போட்டுச்சு. தாத்தா வெச்ச மரம், அப்பா வெச்ச மரம், எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக் கிடந்துச்சு. வாரக்கணக்குல கரன்ட் கிடையாது. சென்னையில பார்த்துக்கிட்டு இருந்த வேலையை விட்டுட்டு வந்தேன். மரத்தை அறுக்க ஆள் கிடைக்கல; கிடைச்ச ஆளுக்குக் குடுக்கக் காசு இல்லை. நானும் அப்பாவும் சித்தப்பாவும் அறுத்தோம், இழுத்தோம், வேரைத் தோண்டினோம். கணக்கெடுக்க வந்தவங்க பின்னாடி ஓடினோம். மாசக்கணக்குல அதுதான் வேலை. என் வாழ்க்கையில அவ்வளவு உழைச்சது முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை.

ஃபாரம் கேட்குது: நிறுவனத்தின் பெயர்? பதவி? மேலதிகாரி? சம்பளச் சான்று? ஒண்ணும் இல்லை. அப்ப நீ 'வேலையில்லாதவர்'. அப்படித்தான் அடிச்சேன். அடிச்சுட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் கொல்லையில நின்னேன்.

இதைப் போய் எந்த ஆபீசர் மேல கோவிச்சுக்கிறது? அவர் நல்ல மனுஷனாவே இருக்கலாம். பத்தொன்பது நாட்டுக் காகிதம் அவர் மேசையில. அவருக்குத் தெரிஞ்ச புயல் பனிப்புயல். ஆனா ஒண்ணு பாருங்க, அந்த மாசங்களைப் பத்தித்தான் கூடுதல் விளக்கம் கேட்டு வந்துச்சு. சொன்ன கெடுவுக்குள்ள அனுப்பணும். நிவாரணத்துக்குக் குடுத்த மனுவோட நகல், விழுந்த மரத்தோட போட்டோ, வி.ஏ.ஓ. கையெழுத்து எல்லாம் சேர்த்து அனுப்பினேன். போட்டோவுல அப்பா அழுதுட்டு நிக்கிறார். அதையும் பி.டி.எஃப். ஆக்கி, சைஸைக் குறைச்சு.

அதுக்கப்புறம் மௌனம்.

விண்ணப்ப நிலையைப் பார்க்க ஒரு இணையக் கணக்கு இருக்கு. பாஸ்வேர்ட், அப்புறம் ஒரு கோட், அப்புறம் என்னைக்கோ நாமளே எழுதி வெச்ச ரகசியக் கேள்வி. உள்ளே போனா அதே வாசகம்: உங்கள் பின்னணிச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது, ஏதாவது தேவைப்பட்டால் செய்தி அனுப்புவோம். வேலைக்கு நடுவுல, பல்லு விளக்கும்போது, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா அப்ப ஒரு தடவை. சில நாள் தேதி மட்டும் மாறியிருக்கும், உள்ளே ஒண்ணும் மாறியிருக்காது. இதுக்குப் பேர் கோஸ்ட் அப்டேட். பேய் வந்து தேதியை மாத்திட்டுப் போயிருக்கு! பேய் வந்த அன்னைக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் தூங்கறதில்லை. யாரோ நம்ம கோப்பைத் தொட்டுட்டாங்கன்னு அம்மா திருமணஞ்சேரிக்கு நேர்ந்துக்கிட்டாங்க. அது கல்யாணத்துக்கு வேண்டிக்கிற கோயில்மா, விசாவுக்கு இல்லைன்னேன். "எல்லாம் நடந்து முடியணும்ங்கறதுதானேடா"ன்னாங்க. அதுவும் சரிதான்.

போன் பண்ணிக் கேட்கலாமே? கேட்கலாம். ஆனா அந்த நம்பர் கனடாவுக்குள்ள இருந்து கூப்பிட்டாதான் வேலை செய்யும். இன்னொரு தடவை படிங்க. கனடாவுக்குள்ள வரலாமான்னு கேட்கிற போனை, கனடாவுக்குள்ள இருந்துதான் பண்ணணும். வெளியே இருக்கிறவன் இணையத்துல படிவம் நிரப்பலாம். பதில் வரும்: உங்க விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு. அதான் தெரியுமேடா!

நம்ம ஊர்லயாவது தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 2005-ல வந்துச்சு. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டா, முப்பது நாள்ல ஏதோ ஒரு பதில் தரணும். கனடாவுலயும் உண்டு, நமக்கும் முன்னாடியே, 1983-லயே. கட்டணம் அஞ்சு டாலர். ஆனா கேட்கிறவர் அந்த நாட்டுக் குடிமகனாவோ நிரந்தரவாசியாவோ இருக்கணும், இல்லைன்னா அந்த நாட்டுக்குள்ள இருக்கணும். அதனால ஸ்கார்பரோவுல இருக்கிற என் கூட்டாளியைக் கெஞ்சினேன். யாழ்ப்பாணத்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கேயே இருக்கான். எனக்காக விண்ணப்பிச்சான். வந்த பக்கங்கள்ல பாதி கறுப்பு மை. மிச்சத்துல இருந்தது எனக்கே தெரிஞ்ச என் பிறந்த தேதி.

அவன் மாமனார் என்கூட வீடியோ கால்ல பேசினார். 1986 ஆகஸ்ட்ல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல ரெண்டு லைஃப்போட்ல தத்தளிச்ச 155 தமிழர்களை மீன் பிடிக்கிறவங்க காப்பாத்தினாங்களே, அந்தக் காலத்தை அவர் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனவங்க முன்னாடி, மவுஸைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் அழறேன். ஆனாலும் அவர் சொன்னார், "தம்பி, காத்திருக்கிறது காத்திருக்கிறதுதான். பெரிசு சின்னது இல்லை." நல்ல மனுஷன்.

எங்க ஊர்ப் பக்கமும் இதையெல்லாம் பார்த்ததுதான். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமையில இருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஜனங்களை மண்டபம் கேம்ப்ல தங்கவெச்சு, அம்மை குத்தி, உடம்பு சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்க. நம்பர் அடிச்ச தகரத் துண்டைக் கழுத்துல மாட்டி அனுப்பின காலமும் உண்டு. எனக்கும் நம்பர் இருக்கு, கழுத்துல இல்லை, போன்ல. அப்புறம் 1964-ல சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும்னு எழுதினாங்க. அந்த ஜனங்க விண்ணப்பம் போட்டுட்டு வருஷக்கணக்கா இருந்துச்சுங்க, நாடு எதுன்னு தெரியாம. அவங்களுக்கும் கெடு இருந்துச்சு. கையெழுத்துப் போட்ட ரெண்டு சர்க்காருக்கும் அந்தக் கெடு ஒட்டவே இல்லை.

இப்ப கனடாக் கதைக்கு வருவோம். 2023-ல இந்தியாவுக்கும் கனடாவுக்கும் சண்டை வந்து, 41 தூதரக ஆட்களை கனடா இங்கிருந்து திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. இந்தியாவுல குடிவரவு வேலை பார்த்த அவங்க ஆட்கள் 27 பேர், அஞ்சு பேர் ஆனாங்க. டெல்லியில ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டா கறம்பக்குடியில ஒருத்தன் மெயில் பாக்ஸ் காயும். வருஷத்துக்கு 5 லட்சம் பேரை எடுப்போம்னு சொன்னவங்க, 2024 அக்டோபர்ல அதை 2025-க்கு 3,95,000-னு வெட்டினாங்க; இப்ப 3,80,000-ல வந்து நிக்குது. அங்க வீடு கிடைக்கல, வாடகை எகிறிப்போச்சு, ஜனங்க கோவமா இருக்காங்க. அவங்க நாடு, அவங்க முடிவு. நான் குறை சொல்லல. 'இப்போதைக்கு முடியாதுப்பா'ன்னு ஒரு வரி சொல்லிட்டா நானும் கொல்லையைப் பார்த்துக்கிட்டு இருந்துடுவேன். இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. இப்படி ஆளைத் தொங்கவிடறதைத்தான் பொறுக்க முடியல.

நம்ம ஊர் ஆபீஸ்களைத் திட்டித் திட்டியே வளர்ந்தவன் நான். 'நாளைக்கு வாங்க', 'சார் மீட்டிங்ல இருக்கார்', 'சர்வர் டவுன்'. ஆனா இப்ப அந்த கிளார்க்கை நினைச்சா ஒரு பாசமே வருது. அவருக்கு முகம் இருந்துச்சு. டீ குடிக்கப் போவார், நாமும் பின்னாடியே போய் ஒரு டீ சொல்லலாம். "என்னண்ணே, நம்ம ஃபைலு…"ன்னு இழுக்கலாம். கோவம் வந்தா கத்தலாம். நாலு பேர் கூடுவாங்க, ஒரு சுகம் இருக்கும். இந்த போர்ட்டலுக்கு யார் டீ வாங்கிக் குடுக்கிறது? யாரைக் கத்தறது? கத்தினா என் லேப்டாப்தான் பயப்படும். எனக்கு என்ன பயம்னா, நம்ம ஆபீஸ்களும் இதைப் பார்த்துக் கத்துக்கிட்டு வருது. எல்லாம் ஆன்லைன், எல்லாம் வெளிப்படைன்னு பேனர் வெச்சுட்டு, கவுன்ட்டரை மூடிட்டு ஆள் உள்ளே போயாச்சு. 'உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' எங்கேயோ கேட்ட வாசகமா இல்லை?

இதுக்கு நடுவுல பொண்ணு பாஸ்போர்ட். சின்னப் பிள்ளைங்களுக்கு அஞ்சு வருஷம்தான் செல்லும். கைக்குழந்தையில எடுத்தது, முடியற தேதி வந்துருச்சு. புதுப்பிச்சா நம்பர் மாறும். மாறினா அதைத் தனியா எழுதித் தெரிவிக்கணும். தெரிவிச்சா கோப்பு மறுபடி எங்க போகுமோ. புதுப்பிக்காம விட்டா, நாளைக்கே மெயில் வந்து விசா குடுத்தாலும், பாஸ்போர்ட் முடியற தேதியோ மெடிக்கல் முடியற தேதியோ எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான் செல்லும். அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணி, வேலையை விட்டு, டிக்கெட் எடுத்துப் போய் இறங்கணும். பார்த்தீங்களா, கடைசியிலயும் கெடு நமக்குத்தான். நானும் என் மனைவியும் ராத்திரி இதையே பேசறோம். அவங்க சொல்றது, புதுப்பிச்சுடுவோம். அப்பா சொல்றது, இன்னும் ஒரு மாசம் பொறு. அம்மா சொல்றது, ஆடி கழியட்டும்.

ஸ்கூல்ல வேற ஒரு பக்கம். மேடம் ரொம்பத் தன்மையாத்தான் கேட்டாங்க. "சார், பாப்பா இந்த வருஷம் இங்கேயா, அங்கேயா? சொல்லிட்டீங்கன்னா வேற பிள்ளைக்கு சீட் குடுத்துடுவேன். இருக்கிறதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபுல் பீஸைக் கட்டிடுங்க."

கட்டிட்டேன். ரசீதுல கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு, எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தர மாட்டாங்களாம்.